ஒரே நிலத்துக்கு ஐந்து தீர்ப்பு: எந்த மதிப்பீட்டு முறையை எதற்கு நம்பலாம்?

நிலம் வாங்கப் போகிறவரும் குத்தகைக்கு எடுக்கப் போகிறவரும் முதலில் கேட்பது, "இது நல்ல நிலமா?" என்றுதான். இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எந்தப் பயிருக்கு, எந்தத் தண்ணீரை வைத்து, எவ்வளவு செலவு செய்யத் தயாராக இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். நிலத்தை மதிப்பிட உலகம் முழுக்கப் பல முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்காகப் பிறந்தது. அதை வேறு கேள்விக்குப் பயன்படுத்தினால், கணக்கு சரியாகவே இருந்தாலும் முடிவு தவறாகிவிடும்.

பேச வசதியாக ஒரு கற்பனை நிலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 2 ஹெக்டேர். சரிவு 2 சதவீதம், அதாவது கிட்டத்தட்டச் சமதளம். மேல்மண் மணலும் களியும் அளவாகக் கலந்த இருமண்பாடு. கையில் எடுத்தால் பொலபொலவென்று இருக்கும். கார அமில நிலை 7.8. தழைச்சத்து குறைவு. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன், மண்ணைத் தண்ணீரில் முழுக்க ஊறவைத்துப் பிரித்தெடுத்த சாற்றில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ். 45 செ.மீ. ஆழத்தில் ஒரு கடினத் தட்டு, அதாவது வேரும் தண்ணீரும் எளிதில் இறங்க முடியாத இறுகிய அடுக்கு. விதைக்க நினைக்கும் பயிர்கள் மூன்று: பீன்ஸ், பருத்தி, பார்லி. இந்த நிலத்தை ஐந்து முறைகளிடமும் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்லும்?

ஆய்வகத்தின் தீர்ப்பு

பலருக்கும் தெரிந்த வழி மண் பரிசோதனை. செலவு குறைவு, முடிவும் எண்களாகக் கையில் வந்துவிடும். ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 22 லட்சம் கிலோ எடை இருக்கும். நாம் ஆய்வகத்துக்கு அனுப்புவது அரைக் கிலோ. அவர்கள் அதிலிருந்து எடுத்துச் சோதிப்பது சில கிராம். ஆகவே ஆய்வகக் கருவி எவ்வளவு துல்லியமானது என்பதைவிட, நாம் மண் எடுத்த விதம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. நிலம் முழுக்க வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில் எடுத்து, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் குறைக்க வேண்டும். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரத்தடி, வாய்க்கால் ஓரம் இவற்றைத் தவிர்க்க வேண்டும். நிறம் மாறும் பகுதி இருந்தால் அதற்குத் தனி மாதிரி.

நம் நிலத்தின் மேல்மண்ணைச் சோதித்தால் "தழைச்சத்து குறைவு, லேசான காரத்தன்மை" என்று வரும். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுமே எளிதில் சமாளிக்கக் கூடியவை. 45 செ.மீ.யில் இருக்கும் தட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இருக்காது, ஏனென்றால் மண் எடுத்த ஆழமே 15 செ.மீ.தான்.

உப்பு விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆய்வகங்கள் மண்ணோடு ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து மின்கடத்துத் திறனை அளக்கின்றன, சில இரண்டு மடங்கு கலக்கின்றன. தண்ணீர் கூடக்கூட எண் இறங்கிவிடும். நம் நிலத்தில் 4 என்று இருக்கும் அதே உப்பு, ஐந்து மடங்கு தண்ணீரில் அளந்தால் 0.4 என்ற அளவில்தான் காட்டும். பயிர்களின் உப்புத் தாங்கும் அட்டவணைகளோ பெரும்பாலும் ஊறவைத்த சாற்றின் எண்ணை வைத்துப் போடப்பட்டவை. 0.4ஐ அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்து "உப்பே இல்லை" என்று முடிவு செய்தவரின் விதைப்பு என்ன ஆகும்? அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்த விகிதத்தில் கலந்து அளந்தீர்கள் என்பதுதான்.

எட்டு வகுப்பும் நூறு மதிப்பெண்ணும்

அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன பிறகு, அங்கே மண் பாதுகாப்புக்கென்று 1935இல் ஒரு துறை உருவானது. அந்த அனுபவத்தில் வளர்ந்ததுதான் நிலத் திறன் வகைப்பாடு. 1961இல் கிளிங்கெபீல், மான்ட்கோமரி இருவரும் எழுதிய கையேட்டில் அது முழு வடிவம் பெற்றது. மொத்தம் எட்டு வகுப்புகள். முதல் நான்கும் உழுது பயிர் செய்யலாம்; ஐந்து முதல் ஏழு வரை மேய்ச்சலுக்கும் மரத்துக்கும்; எட்டாவதை அப்படியே விட்டுவிட வேண்டும். வகுப்பு எண்ணோடு ஒரு குறியெழுத்தும் வரும். அரிப்பா, ஈரமா, வேர்மண்ணின் குறையா, தட்பவெப்பமா என்று அது சொல்லிவிடும்.

நம் நிலம் இதில் மூன்றிலோ நான்கிலோ விழும், வேர்மண் குறை என்ற குறியோடு. சொன்ன அளவில் சரிதான். நிலத்தைக் கெடுக்காமல் எவ்வளவு தீவிரமாகப் பயன்படுத்தலாம் என்பதே இந்த முறையின் கேள்வி, மண் அரிப்புக்குப் பயந்து பிறந்த முறை அது. பீன்ஸா பார்லியா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்வி அதற்கு எழவே இல்லை.

அதற்கு முன்பே, 1933இல், கலிஃபோர்னியாவில் ஸ்டோரி என்ற மண்ணியலாளர் நூறு மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். மண்கண்டத்தின் (மேலிருந்து அடிவரை உள்ள மண் அடுக்குகளின்) தன்மைக்கு ஒரு மதிப்பெண், மேல்மண்ணின் நயத்துக்கு (மணலும் களியும் கலந்திருக்கும் அளவுக்கு) ஒன்று, சரிவுக்கு ஒன்று, வடிகால், உப்பு, அரிப்பு போன்ற மற்றவற்றுக்கு ஒன்று. இந்த நான்கையும் கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். பெருக்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒன்று பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். நம் நிலத்துக்கு முறையே 50, 100, 95, 80 என்று வைத்தால் பெருக்கி வருவது 38. ஸ்டோரியின் ஆறு தரங்களில் அது நான்காவது தரம்.

பெருக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கும் 90 வாங்கிய, எந்தப் பெரிய குறையும் இல்லாத நிலம் பெருக்கலில் சுமார் 66க்கு இறங்கிவிடும். அதே 66ஐ, மூன்றில் முழு மதிப்பெண்ணும் வடிகாலில் மட்டும் 66ம் வாங்கிய நிலமும் பெறும். இரண்டும் ஒரே எண் என்றாலும், விவசாயிக்கு இரண்டும் ஒன்றே கிடையாது. முதலாவது எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைந்த நிலம். இரண்டாவது, வடிகால் வெட்டினால் ஏறிவிடும் நிலம். வரி போடவும் மதிப்புக் கட்டவும் நிலங்களை வரிசைப்படுத்தவும் இந்த எண் உதவும். என்ன விதைக்கலாம் என்று முடிவெடுக்க அந்த எண்ணை உடைத்து உள்ளே பார்த்தாக வேண்டும்.

பயிரைக் கேட்டுவிட்டுப் பேசும் முறை

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1976இல் நில மதிப்பீட்டுக்கான ஒரு சட்டகத்தை வெளியிட்டது. மற்ற முறைகளிலிருந்து அதைப் பிரிப்பது ஒரே ஒரு விதி: பயன்பாட்டைச் சொல்லாமல் பொருத்தத்தைப் பேசக் கூடாது. ஒரே நிலம் ஒரு பயிருக்கு மிகப் பொருத்தம், இரண்டாவதற்கு ஓரளவு, மூன்றாவதற்குக் கொஞ்சம்தான், நான்காவதற்கு இப்போதைக்குப் பொருந்தாது, ஐந்தாவதற்கு என்றைக்குமே பொருந்தாது என்று ஐந்து நிலைகளில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எஸ்1, எஸ்2, எஸ்3, என்1, என்2 என்று இவற்றை எழுதுவார்கள். கூடவே குறையைக் காட்டும் ஓர் எழுத்தும் சேரும்.

இந்தச் சட்டகத்துக்குள் இறுதி நிலையைப் பல விதமாகக் கணிக்கலாம். எனக்குப் பிடித்தது எளிமையானது: மிக மோசமான குறை எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே நிலத்தின் நிலை. ஸ்பிரெங்கல் முன்வைத்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லீபிக் பரவலாக்கிய குறைந்தபட்ச விதியும் இதையே சொல்கிறது. பயிரின் வளர்ச்சியை நிறுத்துவது, மிகக் குறைவாக இருக்கும் ஒன்றுதான். மற்றவை நிறைந்து கிடந்தாலும் அந்த ஒன்று பயிரைப் பிடித்து வைத்துவிடும்.

இனி நம் நிலத்தை இதில் வைப்போம். முதலில் உப்பு. மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் பயிர்களின் உப்புத் தாங்கும் அளவுகளைத் தொகுத்தார்கள். பார்லி 8 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், பருத்தி 7.7 வரை. பீன்ஸ் 1ஐத் தாண்டியதுமே தளர ஆரம்பிக்கும்; அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 19 சதவீதம் விளைச்சல் போகும். நம் நிலத்தின் 4இல் பீன்ஸ் இழப்பது 57 சதவீதம். பாதிக்கு மேல் போய்விட்டது. அதே மண்ணில், அதே உப்பில், பருத்திக்கும் பார்லிக்கும் ஓர் இழப்பும் இல்லை. "நல்ல நிலமா?" என்ற கேள்வி ஏன் பதிலில்லாத கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு என்னிடம் இல்லை.

அடுத்து ஆழம். இருமண்பாட்டு மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும்படியாகச் சுமார் 150 மி.மீ. தண்ணீரைப் பிடித்து வைக்கும். நமக்கு இருப்பது 45 செ.மீ.; அதில் சுமார் 68 மி.மீ. அதிலும் பாதியைத்தான் பயிர் வாடாமல் எளிதாக எடுக்கும், அதாவது 34 மி.மீ. வெயில் நாளில் பயிர் 6 மி.மீ. குடித்தால் ஐந்தாறு நாளில் சரக்கு தீர்ந்துவிடும். இதே மண் 120 செ.மீ. ஆழம் இருந்தால் பதினைந்து நாள் தாங்கும். மழையை நம்பி விதைப்பவருக்கு இந்தப் பத்து நாள் வித்தியாசம்தான் விளைச்சல். வாரம் இருமுறை பாய்ச்ச வசதி உள்ளவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆணிவேரை ஆழமாக இறக்க விரும்பும் பருத்திக்கு இந்த 45 செ.மீ. பெரிய தடை, பார்லிக்கு அவ்வளவு இல்லை.

ஆக, பீன்ஸுக்கு இப்போதைக்குப் பொருந்தாது, குறை உப்பு. பருத்திக்குக் கொஞ்சம்தான், குறை ஆழம். பார்லிக்கு ஓரளவு, குறை அதே ஆழம். ஆய்வக அறிக்கை பெரிதாகக் காட்டிய தழைச்சத்துக் குறைவு இந்த மூன்றிலுமே முடிவை மாற்றவில்லை.

"இப்போதைக்கு" என்ற சொல்லில்தான் இந்த முறையின் இன்னொரு பலம் இருக்கிறது. இன்றைய பொருத்தம் ஒன்று, சீர்திருத்திய பிறகு வரக்கூடிய பொருத்தம் வேறொன்று என்று அது பிரித்துப் பார்க்கிறது. சத்துக் குறைவை உரத்தால் தீர்க்கலாம். அமிலத்தைச் சுண்ணாம்பாலும், சோடியம் மிகுந்த களர் நிலத்தை ஜிப்சமும் வடிகாலும் சேர்த்தும் திருத்தலாம். உப்பு மிகுந்த உவர் நிலத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம், ஆனால் கழுவிய தண்ணீர் கீழே இறங்கிப் போக வழி இருக்க வேண்டும். மண்ணின் நயத்தையும் தட்பவெப்பத்தையும் யாராலும் மாற்ற முடியாது. நம் நிலத்தில் உப்பைக் கழுவ நினைத்தால் தட்டு குறுக்கே நிற்கிறது. தட்டை உடைக்க முடியுமா என்பதில்தான் எல்லாமே வந்து முடிகிறது.

எடை போட்டுக் கூட்டும் வரைபடம்

இப்போது அதிகம் பேசப்படும் முறை இது. கணினி வரைபடத்தில் சரிவு, மண், மழை, உப்பு என்று அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவ எடை கொடுத்துக் கூட்டுவார்கள். எடைகளைத் தீர்மானிக்கப் பெரும்பாலும் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை பயன்படுகிறது. இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பிட்டு, மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்றும் சரிபார்ப்பார்கள்.

பீன்ஸுக்கு நம் நிலத்தை இப்படிக் கூட்டிப் பார்ப்போம். தட்பவெப்பத்துக்கு எடை 0.30, மதிப்பெண் 0.9. சரிவு 0.10 எடை, முழு மதிப்பெண். மண் நயம் 0.15 எடை, 0.9. சத்து 0.15 எடை, 0.6. ஆழம் 0.15 எடை, 0.5. உப்பு 0.15 எடை, வெறும் 0.1. கூட்டினால் 0.685. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 69! வரைபடத்தில் இதமான பச்சை நிறம் விழும். அந்தப் பச்சையை நம்பி பீன்ஸ் விதைத்தவர் பாதிக்கு மேல் இழப்பார்.

கூட்டலில் ஒரு குறையை இன்னொரு நிறை ஈடுகட்டிவிடும், ஆனால் வயலில் அப்படி நடப்பதில்லை. நல்ல மழை உப்பை மன்னிக்காது. இந்த முறையைக் குப்பை என்று நான் தள்ளவில்லை. ஒரு பெரிய வட்டாரத்தில் எந்தப் பகுதியை முதலில் போய்ப் பார்க்கலாம், எங்கே பாசனத் திட்டம் போடலாம் என்று தேர்ந்தெடுக்க இதைவிட வேகமான கருவி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கூட்டுவதற்கு முன்பே, உப்போ சரிவோ ஓர் எல்லையைத் தாண்டிய இடங்களை முழுக்க நீக்கிவிடுவார்கள். உங்களிடம் யாராவது இப்படி ஒரு வரைபடம் காட்டினால், முதலில் எதை எதை நீக்கினீர்கள் என்று கேளுங்கள்.

படத்தின் கட்ட அளவையும் கேட்க வேண்டும். உலகம் முழுதுக்கும் இலவசமாகக் கிடைக்கும் மண் வரைபடமான சாயில்கிரிட்ஸில் ஒரு கட்டம் 250 மீட்டர், அதாவது 6.25 ஹெக்டேருக்கு ஒரே எண். நம் நிலமோ ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணும் அங்கே போய்த் தோண்டி எடுத்ததாக இருக்காது, மற்ற இடங்களின் மண் தரவுகளிலிருந்து கணித்ததுதான். செயற்கைக்கோள் படங்களை வேறு விதத்தில் பயன்படுத்தலாம், அது எனக்கு மிகவும் பிடித்த வழி. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், நம் நிலத்தில் 200 கட்டங்கள் வரும். லேண்ட்சாட் படங்கள் 1972 முதலே உண்டு. வறண்ட ஆண்டுகளின் படங்களை வரிசையாக எடுத்து, நிலத்தில் எந்த மூலை முதலில் காய்கிறது என்று பாருங்கள். பெருமழை ஆண்டுகளில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்றும் பாருங்கள். விற்பவர் சொல்லாத கதையை அந்தப் படங்கள் சொல்லிவிடும். எங்கே குழி தோண்டலாம் என்பதையும் அவையே காட்டிக் கொடுக்கும்.

குழி

ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, அரை நாள். மேலே சொன்ன ஐந்து முறைகளில் எதை எடுத்துக்கொண்டாலும், குழி தோண்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஒரு மீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் ஆழமான குழிக்குள் பக்கத் தாங்கல் இல்லாமல் இறங்கக் கூடாது, சரிந்துவிடும்.

குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சுத்தமாகச் சீவிவிட்டுப் பாருங்கள். வேர்கள் நேராக இறங்குகின்றனவா, ஓரிடத்தில் திடீரென்று பக்கவாட்டில் திரும்புகின்றனவா? திரும்பும் இடம்தான் தட்டு. மண் சீரான சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சாம்பல் நிறமும் நடுநடுவே துருப்பிடித்தது போன்ற புள்ளிகளும் தெரிந்தால், வருடத்தில் சில காலம் அந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். கோடையில் போய்ப் பார்த்தாலும் அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கும். நிலத்தைக் காய்ந்த காலத்தில் மட்டும் பார்க்க வாய்ப்புள்ளவருக்கு இதுதான் பெரிய துணை.

இப்போது தட்டு. கலப்பையும் வண்டிச் சக்கரங்களும் அழுத்தி உண்டாக்கும் உழவுத் தட்டு, வழக்கமாகக் கலப்பை ஓடும் ஆழத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். 45 செ.மீ.யில் இருப்பது இயற்கையாகவே இறுகிய தட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஒரு துண்டை உடைத்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கரைந்து உதிர்ந்திருந்தால் அது இறுகிய மண்தான். ஆழ உழவால் உடைக்கலாம், உடைத்த பிறகு உப்பையும் கழுவலாம், பீன்ஸ் பற்றி மறுபடி யோசிக்கலாம். கல் போல அப்படியே கிடந்தால் சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்போ அதைப் பிணைத்திருக்கிறது. அப்போது பீன்ஸை மறந்துவிட்டு, பார்லியோடு நிம்மதியாக இருப்பது நல்லது.

இன்னொரு கட்டியை, அடிமண்ணிலிருந்து எடுத்து, தெளிந்த மழைநீரில் அசைக்காமல் வையுங்கள். சுற்றிலும் பால் போலக் கலங்கினால் சோடியம் மிகுந்த களர். உவர் நிலத்துக்கு வெறும் தண்ணீர் மருந்து. களருக்கு வெறும் தண்ணீர் விட்டால் மண் இன்னும் இறுகிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்வது பெரிய சேதம்.

கடைசியாகத் தண்ணீர். மண்ணைப் பார்க்கும் மும்முரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாசன நீரின் மின்கடத்துத் திறன் 0.7க்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 3க்கு மேல் போனால் ஒவ்வொரு பாய்ச்சலும் நிலத்தில் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். கழுவ நினைக்கும் தண்ணீரே உப்பாக இருந்தால் மேலே எழுதிய சீர்திருத்தக் கணக்கு எதுவும் நிற்காது. கிணற்று நீரைக் கோடை முடிவில் எடுத்துச் சோதியுங்கள். நீர் வற்றியிருக்கும் அப்போதுதான் பெரும்பாலும் உப்பு உச்சத்தில் இருக்கும்.

சரி, நான் எந்த வரிசையில் போவேன்? நிலம் ஏற்கெனவே கையில் இருந்தால் நேராகக் குழி, அப்புறம் மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் தனித்தனி ஆய்வகச் சோதனை, அதை வைத்துப் பயிருக்குப் பயிர் மோசமான குறையைப் பார்ப்பேன். எட்டு வகுப்பும் ஸ்டோரி எண்ணும் இங்கே தேவைப்படாது. வாங்குவதாக இருந்தால் முதலில் பழைய செயற்கைக்கோள் படங்கள். அதிலேயே பாதி நிலங்கள் கழிந்துவிடும். மிச்சமிருப்பவற்றில் தண்ணீர்ச் சோதனை. அதிலும் தேறியவற்றில் மட்டும், காயும் மூலையில் ஒன்று, தேங்கும் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று குழிகள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, அதே வரிசையில் மூடித் தருவதாக உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். குழி வேண்டாம் என்று அவர் தயங்கினால், கைவிரல்கள் நான்கு சேர்ந்த அகலமே உள்ள மண் துளைப்பானால் துளைத்துப் பார்க்க அனுமதி கேட்பேன். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் வேறு நிலம் தேடப் போய்விடுவேன்.